அணு மோதல்களில் மின்னூட்டப் பரிமாற்றம்: செவ்வியல் பாதை மாண்டி கார்லோ முறையின் வரலாறு

மின்னூட்டப் பரிமாற்றம் என்பது, வேகமாகச் செல்லும் ஓர் அயனி தன் வழியில் எதிர்ப்படும் அணுவிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு போகும் நிகழ்வு ஆகும். ஒரு புரோட்டான் ஹைட்ரஜன் அணுவைக் கடக்கும்போது அந்த அணுவின் எலக்ட்ரான் புரோட்டானுடன் சேர்ந்து போய்விட்டால், வந்த புரோட்டான் அணுவாகிவிடும்; நின்ற அணு வெறும் புரோட்டானாகிவிடும். இது எவ்வளவு அடிக்கடி நிகழும் என்பதைக் கணிக்கும் வழிகளுள் ஒன்று செவ்வியல் பாதை மாண்டி கார்லோ முறை. இம்முறை எலக்ட்ரானை அலையாகக் கொள்வதில்லை. சூரியனைச் சுற்றும் கோளைப்போல அணுக்கருவைச் சுற்றும் ஒரு துகளாகக் கொள்கிறது. நியூட்டனின் விதிகளின்படி அதன் பாதையைக் கணினியில் பின்தொடர்கிறது. ஆயிரக்கணக்கான மோதல்களை இப்படி நடத்திப் பார்த்து, எத்தனை மோதல்களில் எலக்ட்ரான் கைமாறியது என்று எண்ணுகிறது.

இம்முறை முழு வடிவில் முன்வைக்கப்பட்ட ஆண்டு 1966. குவாண்டம் இயங்கியல் தோன்றி அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அணுவுக்குள் எலக்ட்ரான் கோள்போல் சுற்றுவதில்லை என்பதைக் கல்லூரி மாணவர்களும் அறிந்திருந்த காலம் அது. அப்படியிருந்தும் கைவிடப்பட்ட பழைய படத்தைக் கொண்டு செய்த கணக்கு அளவீடுகளோடு ஒத்துப்போனது. அது தற்செயலா, இல்லை அதற்கு உள்ளே காரணம் உண்டா என்ற கேள்வியும் அன்று முதல் இம்முறையோடு கூடவே வந்தது.

தாமசின் இரட்டை மோதல்

ஆல்ஃபா துகள் எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் என்பதை 1920-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜி. எச். ஹென்டர்சன் கண்டார். மைக்கா தகட்டைக் கடந்து வந்த ஆல்ஃபா துகள்களை வெற்றிடத்தில் காந்தப்புலத்தால் வளைத்தபோது, வழக்கமான இரட்டை மின்னூட்டத் துகள்களுடன் ஒற்றை மின்னூட்டம் கொண்டவையும் தெரிந்தன. ரூதர்ஃபோர்டு இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1924-இல் விரிவாக எழுதினார். துகளின் வேகம் சற்றுக் கூடினாலே எலக்ட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பு மிகக் கடுமையாகச் சரிந்தது. அந்தச் சரிவுக்கு விளக்கம் தேவைப்பட்டது.

விளக்கம் எளிதன்று. எலக்ட்ரானை அணுவிலிருந்து பிய்த்தெறிவதற்கு ஒரே ஒரு நேரடி மோதல் போதும். அந்தக் கணக்கை ஜே. ஜே. தாம்சன் 1912-லேயே செவ்வியல் முறையில் செய்துவிட்டார். பிடித்துக்கொள்வது வேறு. தனியாக நிற்கும் எலக்ட்ரானும் பறந்து வரும் அயனியும் மோதி ஒன்றாக ஒட்டிக்கொள்ள முடியாது; அப்படி ஒட்டினால் ஆற்றலும் உந்தமும் ஒருசேர மாறாமல் இருக்கா. மிஞ்சுவதை வாங்கிக்கொள்ள மூன்றாவது பொருள் ஒன்று வேண்டும்.

அந்த மூன்றாவது பொருள் அணுக்கருவே என்று 1927-இல் காட்டினார் லெவெலின் ஹில்லெத் தாமஸ். எலக்ட்ரானின் தற்சுழற்சிக் கணக்கில் வரும் 'தாமஸ் அச்சுச்சுழற்சி'யை அதற்கு முந்தைய ஆண்டு கண்டுபிடித்தவர் இவர்தான். அவருடைய படம் பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரருக்கும் புரியும். அயனி எலக்ட்ரானை மோதுகிறது. எலக்ட்ரான் 60 பாகைக் கோணத்தில், அயனியின் வேகத்துக்குச் சமமான வேகத்தில் அணுக்கருவை நோக்கிப் பாய்கிறது. கனமான அணுக்கருவில் பட்டு, வேகம் குறையாமல் மறுபடியும் 60 பாகை திரும்புகிறது. இப்போது எலக்ட்ரானும் அயனியும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போகின்றன. ஒன்றுக்கொன்று அசையாமல் பக்கத்தில் நிற்பதால் அயனி எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு குறிபார்த்த மோதல்கள் அடுத்தடுத்து நிகழ வேண்டியிருப்பதால், வேகம் கூடக்கூட இதற்கான வாய்ப்பு வேகத்தின் 11-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது தாமசின் முடிவு.

மறு ஆண்டே ஓப்பன்ஹைமர் இதே சிக்கலைக் குவாண்டம் இயங்கியலில் அணுகினார். 1930-இல் பிரிங்க்மனும் கிராமர்ஸும் அந்தக் கணக்கைச் செப்பமாக முடித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 12-ஆம் அடுக்கு. புதிய இயங்கியல் வேறு விடை தந்துவிட்டது, எனவே பழையது தவறு என்றுதான் எவரும் அன்று நினைத்திருப்பார்கள். ஆனால் அது அயனி ஒரே ஒருமுறை குறுக்கிடுவதாகக் கொண்ட முதல்நிலைத் தோராயம். 1955-இல் டிரிஸ்கோ அடுத்த நிலைத் தோராயத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது 11-ஆம் அடுக்கு வெளிவந்தது. 12-ஆம் அடுக்கில் குறைவதைவிட 11-ஆம் அடுக்கில் குறைவது மெதுவானது. எனவே வேகம் மிக அதிகமாகும்போது கடைசியில் எஞ்சி நிற்பது தாமசின் இரட்டை மோதல்தான். குவாண்டம் கோட்பாடு ஒரு படி தாமதமாகத்தான் செவ்வியல் விடைக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் படத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. தாமசின் முதல் மோதலில் எலக்ட்ரான் பக்கவாட்டில் பாய்வதால், புரோட்டானும் மிகச் சிறிய கோணத்தில் விலக வேண்டும். எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் உள்ள நிறை விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் அக்கோணம் 0.47 மில்லிரேடியன். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அரை மீட்டருக்கும் குறைவான விலகல் அது. 1983-இல் ஹார்ஸ்டால்-பெடர்சன், காக், ஸ்டக்லி ஆகியோர் ஹீலியம் அணுக்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிடித்த வேகமான புரோட்டான்களில் அந்தக் கோணத்துக்குரிய முகட்டைக் கண்டார்கள். தாமஸ் கணக்கிட்டு அப்போது 56 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1966: கெப்ளரின் சமன்பாடு அணுவுக்குள்

தாமசின் கணக்கு மிக அதிக வேகங்களுக்கு மட்டும் உரியது. எலக்ட்ரான் அணுவுக்குள் சுற்றும் வேகமும் அயனி வரும் வேகமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் இடம்தான் மிகக் கடினமானது. புரோட்டானைப் பொறுத்தவரை அது சுமார் 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைச் சுற்றிய பகுதி. அங்கே அயனியின் விளைவைச் சிறிய குறுக்கீடாகக் கருத முடியாது. மோதலை மெதுவான மாற்றமாகவும் கருத முடியாது. பிடிபடுதல், பிய்த்தெறியப்படுதல், உயர்நிலைக்குத் தாவுதல் ஆகிய எல்லாமே ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. குவாண்டம் முறையில் இதைச் சரியாகச் செய்ய ஏராளமான நிலைகளை ஒரே நேரத்தில் கணக்கில் எடுக்க வேண்டும். 1960-களின் கணினிகளுக்கு அது மலைப்பான வேலை.

இந்த இடைவெளியில்தான் ஏப்ரைன்சும் இயன் பெர்சிவலும் நுழைந்தார்கள். வழிகாட்டி வேதியியலில் இருந்தது. ஹைட்ரஜன் அணு ஹைட்ரஜன் மூலக்கூறோடு மோதி இடம் மாறும் வினையை கார்பிளஸ், போர்ட்டர், சர்மா ஆகியோர் 1965-இல் செவ்வியல் பாதைகளைக் கணினியில் ஓட்டி ஆராய்ந்திருந்தார்கள். அங்கே நகர்ந்தவை அணுக்கள். அவை கனமானவை, செவ்வியல் படம் அவற்றுக்குப் பொருந்தும் என்று வாதிடலாம். எலக்ட்ரானையே அப்படி ஓட்டுவது துணிச்சலான அடுத்த படி.

ஏப்ரைன்சும் பெர்சிவலும் இலண்டன் இயற்பியல் கழகத்தின் நடவடிக்கை இதழில் 1966-இல் வெளியிட்ட இரு கட்டுரைகளில் செய்முறை முழுவதும் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரானுக்கு 13.6 எலக்ட்ரான் வோல்ட் பிணைப்பாற்றல் உண்டு. அந்த ஆற்றலுக்குரிய நீள்வட்டச் சுற்றுப்பாதைகள் எண்ணற்றவை: சில வட்டத்தை ஒத்தவை, சில ஊசிபோல் நீண்டவை, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தவை. இவற்றுள் எது என்று யாரும் சொல்ல முடியாது என்பதால் எல்லாவற்றுக்கும் சம வாய்ப்பு தரப்படுகிறது. சுற்றுப்பாதையின் சாய்வும் திசையும் மூன்று தற்போக்கு எண்களால் தீர்மானிக்கப்படுகின்றன. நீள்வட்டத்தின் நீட்சிக்கு நான்காவது எண். இங்கே மையவிலகலின் வர்க்கம் சீராகப் பரவியிருக்க வேண்டும் என்பது நுட்பமான செய்தி. மோதல் தொடங்கும் நொடியில் எலக்ட்ரான் பாதையில் எங்கே இருக்கிறது என்பதற்கு ஐந்தாவது எண். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தீர்க்க வேண்டியது, செவ்வாய்க் கோளின் நிலையைக் கணிக்க 17-ஆம் நூற்றாண்டில் கெப்ளர் எழுதிய அதே சமன்பாடு. வான்கோளுக்கு எழுதியது எழுத்து மாறாமல் அணுவுக்குள் வேலை செய்கிறது.

அயனி அணுவுக்கு எவ்வளவு பக்கமாக வருகிறது என்பதும் தற்போக்காகவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதன்பிறகு சூதாட்டம் இல்லை. மூன்று பொருள்கள், ஒவ்வொரு இணைக்கும் இடையே கூலும் விசை. பொது ஈர்ப்பு மையத்தின் நகர்வை நீக்கிவிட்டால் ஒரே நேரத்தில் தீர்க்க வேண்டிய சமன்பாடுகள் 12. மூன்று பொருள் இயக்கத்துக்குப் பொதுவான சூத்திரத் தீர்வு கிடையாது. ஆனால் சிறுசிறு காலப் படிகளாகக் கணினி அதை முன்னகர்த்தலாம். அயனி வெகுதூரம் போன பிறகு எலக்ட்ரானின் ஆற்றலைப் பார்க்கிறார்கள். அயனியைப் பொறுத்து அது பிணைந்திருந்தால் மின்னூட்டப் பரிமாற்றம். பழைய அணுக்கருவோடு பிணைந்திருந்தால் பரிமாற்றம் இல்லை. இரண்டிலும் பிணையாவிட்டால் அயனியாக்கம்.

விடை ஒரு பரப்பளவாகச் சொல்லப்படுகிறது. அதற்குக் குறுக்குவெட்டு என்று பெயர். அயனியின் பார்வையில் அணு எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்பதே அதன் பொருள். அயனிகளை எறிந்த வட்டத்தின் பரப்பை, எலக்ட்ரான் பிடிபட்ட மோதல்களின் விகிதத்தால் பெருக்கினால் குறுக்குவெட்டு கிடைத்துவிடும். பிழையும் எளிதில் தெரியும். 10,000 மோதல்களில் 100-இல் மட்டும் எலக்ட்ரான் பிடிபட்டால் விடையில் சுமார் 10 விழுக்காடு புள்ளியியல் ஐயம் இருக்கும். அதை 1 விழுக்காடாக்க நூறு மடங்கு மோதல்கள் வேண்டும். அரிய நிகழ்வுகளில் இம்முறை தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே 1966-இல் ஜி. டபிள்யூ. மெக்கிளூர் புரோட்டானும் ஹைட்ரஜன் அணுவும் மோதும்போது நிகழும் பரிமாற்றத்தை 2 முதல் 117 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை அளந்து வெளியிட்டார். எலக்ட்ரானின் சுற்றுவேகத்தை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் உள்ள வேகங்களில் செவ்வியல் கணிப்பு அளவீட்டுக்கு நெருங்கி வந்தது. வேகம் மிகக் குறையும்போது நிலைமை வேறு. அங்கே எலக்ட்ரான் இரு புரோட்டான்களுக்கும் இடையே உள்ள ஆற்றல் தடையை ஊடுருவி அங்கும் இங்குமாக ஊசலாடுகிறது. அது முழுக்க அலையின் வேலை. செவ்வியல் துகளால் சுவரைத் துளைத்துப் போக முடியாது.

ஏன் பலித்தது

முதல் காரணத்தை 1935-இல் விளாதிமிர் ஃபாக் ஹைட்ரஜன் அணுவைப் பற்றி எழுதிய கட்டுரையில் காணலாம். ஒரே ஆற்றல் கொண்ட செவ்வியல் சுற்றுப்பாதைகள் அனைத்துக்கும் சம வாய்ப்பு கொடுத்து எலக்ட்ரானின் உந்தப் பரவலைக் கணக்கிட்டால், குவாண்டம் இயங்கியல் ஹைட்ரஜனின் அடிநிலைக்குத் தரும் உந்தப் பரவலே அச்சாகக் கிடைக்கிறது. தோராயமாக அல்ல, துல்லியமாக. எலக்ட்ரானைப் பிடிக்க வேண்டுமானால் அயனியின் வேகத்துக்குப் பொருந்தும் வேகத்தில் எலக்ட்ரான் இருக்க வேண்டும். எனவே வேகப் பரவல் சரியாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கூலும் விசைக்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. இரு மின்னூட்டங்கள் மோதிச் சிதறுவதற்கு ரூதர்ஃபோர்டின் செவ்வியல் வாய்பாடும் குவாண்டம் வாய்பாடும் ஒன்றே. வேறு எந்த விசையாக இருந்தாலும் இந்த இரண்டு நல்லூழும் சேர்ந்து வாய்த்திருக்காது.

இட அளவில்தான் ஓட்டை. 13.6 எலக்ட்ரான் வோல்ட்டில் பிணைந்த செவ்வியல் எலக்ட்ரான் அணுக்கருவிலிருந்து இரண்டு போர் ஆரத்துக்கு அப்பால் போகவே முடியாது. குவாண்டம் எலக்ட்ரானோ அந்த எல்லைக்கு வெளியே ஏறக்குறைய 24 விழுக்காடு வாய்ப்புடன் இருக்கும். அணுவின் ஓரத்தை உரசிச் செல்லும் அயனிக்கு எட்டுவது அந்த வால் பகுதிதான். செவ்வியல் அணுவில் அங்கே ஒன்றும் இல்லை. இதைச் சரிசெய்யப் பலர் முயன்றார்கள். 1983-இல் ஹார்டியும் ஓல்சனும் ஒரே ஆற்றலுக்குப் பதிலாகப் பல ஆற்றல்களைக் கலந்து, இடப் பரவலைக் குவாண்டம் பரவலுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். இடம் திருந்தினால் உந்தம் சற்றுக் கெடும். இரண்டையும் ஒரேயடியாகச் சரியாக்க செவ்வியல் அணுவால் இயலாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பரவல் என்று பார்த்துத் தேர்வதே இன்றைய வழக்கம்.

அயனியின் மின்னூட்டம் பெரிதாக இருந்தால் இந்த ஓட்டை சிறிதாகிவிடுகிறது. அயனி நெருங்க நெருங்க, அதற்கும் அணுவுக்கும் இடையிலுள்ள ஆற்றல் தடை தாழ்ந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் எலக்ட்ரான் துளைக்க வேண்டியதில்லை, மேலாகவே தாண்டிப் போகலாம். புரோட்டானுக்கு அந்தத் தொலைவு சுமார் 6 போர் ஆரம். எலக்ட்ரான்கள் அனைத்தையும் இழந்த, ஆறு மின்னூட்டம் கொண்ட கார்பன் அயனிக்கு அது ஏறத்தாழ 12. அவ்வளவு தூரத்திலேயே செவ்வியல் வழி திறந்துவிடுவதால் ஊடுருவலுக்கு முக்கியத்துவம் குறைகிறது. நீல்ஸ் போர் 1948-இல் துகள்கள் பொருளுக்குள் பாய்வதைப் பற்றிய நூலில், மின்னூட்டம் மிகுந்தும் வேகம் குறைந்தும் இருக்கும் மோதல்களில் செவ்வியல் பாதைகளை நம்பலாம் என்று அளவுகோல் வகுத்திருந்தார். 1954-இல் லிண்ட்ஹார்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், கன அயனிகள் எலக்ட்ரானைப் பிடிப்பதற்குச் செவ்வியல் படத்தையே பயன்படுத்தினார். குவாண்டம் அணுவின் தந்தையருள் ஒருவரே வகுத்த எல்லைக்குள்தான் இம்முறை நன்றாக வேலை செய்கிறது.

அணு உலைக்கலன் கேட்ட எண்கள்

பத்தாண்டுகள் இது பெரும்பாலும் கோட்பாட்டாளர்களின் ஆர்வப் பொருளாகவே இருந்தது. அதை அன்றாடக் கருவியாக்கியது அணுக்கரு இணைவு ஆராய்ச்சி. டோகமாக் எனும் காந்தக் கலத்தில் உள்ள பிளாஸ்மாவைச் சூடாக்க வேகமான ஹைட்ரஜன் அணுக் கற்றையை உள்ளே செலுத்துவார்கள். கலத்தின் சுவரிலிருந்து பெயர்ந்த கார்பன், ஆக்சிஜன், இரும்பு போன்றவை எலக்ட்ரான்களை இழந்து பிளாஸ்மாவில் அலைந்துகொண்டிருக்கும். கற்றை அணுவின் எலக்ட்ரானை அவை பறித்துவிட்டால், அணு அயனியாகிக் காந்தப்புலத்தில் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கற்றை நடுப்பகுதியை எட்டுமா, ஓரத்திலேயே நின்றுவிடுமா என்பது இந்தக் குறுக்குவெட்டுகளைப் பொறுத்தது. அந்த அயனிகளுக்கு அளவீடுகள் அன்று மிகச் சில.

கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்தில் ரொனால்டு ஓல்சனும் சாலப்பும் 1977-இல் ஏப்ரைன்ஸ்–பெர்சிவல் முறையை எடுத்து, மின்னூட்டம் மிகுந்த அயனிகள் ஹைட்ரஜனோடு மோதுவதற்குப் பரிமாற்றம், அயனியாக்கம் இரண்டையும் கணக்கிட்டு வெளியிட்டார்கள். போரின் அளவுகோல்படி இது முறைக்கு மிகச் சாதகமான களம். பிறகு மிசூரி–ரோலா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஓல்சன் அடுத்த பல பத்தாண்டுகள் இதையே வளர்த்தார். முறையைக் கண்டவர்கள் ஏப்ரைன்சும் பெர்சிவலும் என்றாலும், புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஓல்சன் என்று சொல்வதே நியாயம்.

அதே 1977-இல் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஓர்மாக் கலத்தில் ஆர். சி. ஐஸ்லர் வேறொன்றைக் கவனித்தார். கற்றையைச் செலுத்தியதும், எலக்ட்ரானைப் பறித்த ஆக்சிஜன் அயனிகள் ஒளி உமிழ்ந்தன. பறிக்கப்பட்ட எலக்ட்ரான் உயர்ந்த நிலையில் போய் அமர்ந்து, படிப்படியாகக் கீழிறங்கும்போது வருவது அந்த ஒளி. நிறமாலைக் கோட்டின் அகலம் அயனிகளின் வெப்பநிலையைச் சொல்லும். கோடு நகர்ந்திருக்கும் அளவு பிளாஸ்மா சுழலும் வேகத்தைச் சொல்லும். கோட்டின் பிரகாசம் அயனிகளின் அடர்த்தியைச் சொல்லும்; ஆனால் அடர்த்தியைப் பெறக் குறுக்குவெட்டு தெரிந்தாக வேண்டும். குறுக்குவெட்டில் 30 விழுக்காடு தவறினால் பிளாஸ்மாவில் கார்பன் எவ்வளவு என்ற கணக்கும் அதே அளவு தவறும். பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் கலத்திலும் இந்த அளவீட்டுக்காகவே தனிக் கற்றை ஒன்று திட்டமிடப்பட்டுள்ளது. 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய அந்த ஹைட்ரஜன் கற்றையை வழங்கும் பொறுப்பு இந்தியாவுடையது.

இங்கே பார்க்க வசதியான கோடு, 529 நானோமீட்டரில் வரும் கார்பன் அயனியின் பச்சைக் கோடு. எலக்ட்ரான் 8-ஆம் நிலையிலிருந்து 7-ஆம் நிலைக்கு இறங்கும்போது அது வருகிறது. ஆனால் அடிநிலை ஹைட்ரஜனிடமிருந்து பறித்த எலக்ட்ரான் பெரும்பாலும் போய் அமர்வது 4-ஆம் நிலையில். பாதைகளைக் கூர்ந்து பார்த்ததில் ஒரு கைவிதி கிடைத்தது: மின்னூட்ட எண்ணின் முக்கால் அடுக்கை எடுத்தால், எலக்ட்ரான் விரும்பி அமரும் நிலை ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஆறுக்கு அது 3.8, எட்டு மின்னூட்ட ஆக்சிஜனுக்கு 4.8. எனவே 8-ஆம் நிலையில் அமர்வது சிறுபான்மை நிகழ்வு. அதைக் குவாண்டம் முறையில் கணக்கிட, தற்சுழற்சியை விட்டுவிட்டாலும் கார்பன் பக்கத்தில் மட்டும் முதல் எட்டு நிலைக்கூட்டங்களில் 204 நிலைகளைச் சேர்க்க வேண்டும். செவ்வியல் முறையில் கூடுதல் வேலை எதுவும் இல்லை. எந்த நிலையில் போய் முடிந்தது என்று பாதையின் இறுதியில் பார்த்தால் போதும்.

அப்படிப் பார்ப்பதற்கும் ஒரு விதி தேவைப்பட்டது. செவ்வியல் எலக்ட்ரானின் இறுதி ஆற்றல் 3.7 என்றோ 8.2 என்றோ எந்த நிலை எண்ணையும் தரலாம். இயற்கை முழு எண்களை மட்டுமே ஏற்கும். பெக்கரும் மெக்கெல்லரும் 1984-இல் ஒவ்வொரு முழு எண்ணுக்கும் எந்த இடைவெளி உரியது என்பதை வகுத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய செவ்வியல் பரப்பு, அந்த நிலையில் உள்ள குவாண்டம் நிலைகளின் எண்ணிக்கைக்கு விகிதமாக இருக்குமாறு அவர்கள் எல்லைக்கோடுகளை அமைத்தார்கள். செவ்வியல் இயங்கியலில் இல்லாத முழு எண் இப்படிக் கடைசி வரியில் கையால் சேர்க்கப்படுகிறது. குறை சொல்வோர் முதலில் சுட்டுவது இதைத்தான். ஆனாலும் இதைவிட நியாயமான பங்கீட்டைச் சொல்வது கடினம்.

கற்றையில் ஏற்கெனவே கிளர்ந்த, அதாவது 2-ஆம் நிலையில் உள்ள அணுக்கள் மிகச் சிலவே. முக்கால் அடுக்கு விதிப்படி அவற்றிடமிருந்து கார்பன் பறிக்கும் எலக்ட்ரான் அமரும் நிலை அதன் இரு மடங்கு, அதாவது 7.7. அப்படியானால் அந்தச் சில அணுக்களே நேராக 8-ஆம் நிலையில் எலக்ட்ரானைக் கொண்டுபோய் வைக்கும். எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் பச்சைக் கோட்டின் பிரகாசத்தில் அவற்றின் பங்கை விட்டுவிட முடியாது. ஹூக்ஸ்ட்ராவும் ஓல்சன் உள்ளிட்ட குழுவினரும் 1998-இல் செவ்வியல் பாதைக் கணக்கைக் கொண்டே இதை ஆராய்ந்தார்கள்.

ஹீலியத்தின் தொல்லை

ஒற்றை எலக்ட்ரான் அணுவோடு முறையின் நிம்மதி முடிந்துவிடுகிறது. செவ்வியல் அணுவில் இரண்டு எலக்ட்ரான்களை வைத்தால், எந்த அயனியும் வராமலேயே அணு சிதைந்துவிடும். ஒரு எலக்ட்ரான் அணுக்கருவை நோக்கி ஆழமாகச் சரியும். அதில் கிடைத்த ஆற்றலில் மற்றது வெளியே எறியப்படும். அடிநிலை என்ற தரை செவ்வியல் இயங்கியலில் இல்லை. 1980-இல் கிர்ஷ்பாமும் வில்லெட்சும் எலக்ட்ரான் அணுக்கருவை நெருங்கும்போது அதன் உந்தத்தைப் பொறுத்துத் தள்ளிவிடும் செயற்கை விசை ஒன்றைச் சேர்த்து, ஐசன்பர்க், பௌலி விதிகளின் சாயலைச் செவ்வியல் கணக்கில் நுழைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான தீர்வு. ஆனால் அந்த விசையின் அளவைச் சோதனைக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டியிருப்பதால், முறையின் பழைய எளிமை போய்விடுகிறது. பலர் வேறு வழியில் போனார்கள்: எலக்ட்ரான்களின் ஒன்றையொன்று தள்ளும் விசையைத் தனித்தனியாகக் கொள்ளாமல், அதன் சராசரி விளைவை அணுக்கருவின் ஈர்ப்பிலேயே சேர்த்துவிட்டு, எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகக் கணக்கிடுவது.

வால்வெள்ளியும் எதிர் ஹைட்ரஜனும்

1996-இல் ஹயாகுடாகே வால்வெள்ளி பூமிக்கு அருகே வந்தபோது, ரோசாட் செயற்கைக்கோள் அதிலிருந்து எக்ஸ் கதிர் வருவதைக் கண்டது. பனிக்கட்டி உருண்டையிலிருந்து எக்ஸ் கதிர் வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. மறு ஆண்டு தாமஸ் கிரேவன்ஸ் விளக்கம் தந்தார். சூரியக் காற்றில் வரும், எலக்ட்ரான்களைப் பெரும்பாலும் இழந்த ஆக்சிஜன், கார்பன் அயனிகள் வால்வெள்ளியின் வாயுவிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கின்றன. அந்த எலக்ட்ரான்கள் கீழ்நிலைக்கு இறங்கும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. டோகமாக்கில் ஐஸ்லர் கண்ட அதே நிகழ்வு, வேறு மேடையில். அங்கே இலக்கு பெரும்பாலும் நீர் மூலக்கூறு. அதற்கான உமிழ்வுக் கணக்குகளை ஒட்ராண்டோ, ஓல்சன், பையர்ஸ்டார்ஃபர் ஆகியோர் 2006-இல் செவ்வியல் பாதை முறையில் செய்தார்கள்.

ஹைட்ரஜனுக்குக் குவாண்டம் கணக்குகள் இப்போது வெகுவாக முன்னேறிவிட்டன. ஆஸ்திரேலியாவின் கர்டின் பல்கலைக்கழகக் குழு முழுமையாக அயனியாக்கப்பட்ட கார்பன் போன்றவற்றுக்கு நூற்றுக்கணக்கான நிலைகளைச் சேர்த்துச் செய்த கணக்குகள், அடிநிலை ஹைட்ரஜனைப் பொறுத்தவரை செவ்வியல் முறையின் இடத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனால் அணு கிளர்ந்து உயர்ந்த நிலைக்குப் போகப்போக நிலைகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகும். அங்கே செவ்வியல் முறைக்கு ஒரு பழைய வசதி கைகொடுக்கிறது. செவ்வியல் சமன்பாடுகளில் பிளாங்க் மாறிலி இல்லை; எனவே ஓர் அளவில் செய்த கணக்கை எந்த அளவுக்கும் நீட்டலாம். நிலை எண் பத்து மடங்கானால் அணுவின் ஆரம் நூறு மடங்கு, குறுக்குவெட்டு பத்தாயிரம் மடங்கு. அதற்கு ஈடாக மோதல் வேகத்தைப் பத்தில் ஒரு பங்காக எடுத்துக்கொண்டால் போதும். பெரிய அணுக்களில் எலக்ட்ரானும் உண்மையிலேயே பழைய கோளைப்போலவே நடந்துகொள்ளத் தொடங்குகிறது. பெர்சிவல் தாமே 1978-இல் லியோபோல்டுடன் சேர்ந்து, உயர்நிலை ஹைட்ரஜன் அணுக்களை நுண்ணலை பிய்ப்பதை இதே வகைக் கணக்கால் விளக்கினார்.

எதிர் ஹைட்ரஜனை உருவாக்கும் திட்டங்களில் இது நேரடியாகப் பயன்பட்டது. எதிர்ப்புரோட்டானுக்கு ஒரு பாசிட்ரானைக் கொடுத்தால் எதிர் ஹைட்ரஜன் கிடைக்கும். ஹெஸ்ஸெல்ஸ், ஹோமன், கவாக்னெரோ ஆகியோர் 1998-இல் இதற்கு இரண்டு பரிமாற்றங்களைத் தொடுக்கலாம் என்றார்கள். லேசரால் உயர்நிலைக்கு ஏற்றிய சீசியம் அணுவிடமிருந்து பாசிட்ரான் ஓர் எலக்ட்ரானைப் பறித்துப் பாசிட்ரோனியம் ஆகும். அந்தப் பாசிட்ரோனியத்திடமிருந்து எதிர்ப்புரோட்டான் பாசிட்ரானைப் பறித்துக்கொள்ளும். எவ்வளவு வாய்ப்பு என்பதை அவர்கள் கணக்கிட்டது செவ்வியல் பாதைகளை ஓட்டித்தான். 2004-இல் செர்ன் ஆய்வகத்தின் அட்ராப் குழு அதே வழியில் எதிர் ஹைட்ரஜனை உருவாக்கியதாக அறிவித்தது.